தாமதத்துக்குக் காரணம்

மரஸ்கேலை உள்ளே விட்டு
பத்து எண்ணி வெளியே எடுத்து
காற்றில் ஒரு வீசு வீசினால்
எதுவரை வெண்பனி பூக்கிறதோ
அதுவரை நைட்ரஜன் இருக்கிறது.
இதுதான் என் வேலை,
காட்பாடியில், மாடிப்படிக்குக் கீழே,
மழையானாலும் ஜன்னலை மூடக்கூடாத அறையில்.

பால்கேனுக்கு அண்ணன் மாதிரி ஒரு கலம்.
அதற்குள் பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு.
அதற்குள் நாற்பத்திரண்டு குப்பி.
குப்பிக்குள் சில்லான்.

சில்லான் என்று முழுசாகச் சொல்லிவிடவும் முடியாது.
மூன்று விரல் நீளக் கெண்டை அது.
பொன்னையாற்று மடுவொன்றில் கடைசியாய் அகப்பட்ட
பதினோரு ஆண்களின்
விந்துகூட இல்லை,
விந்துக்கும் முந்தியது,
இன்னும் எதுவாகவும் ஆகாதது.
அரிசியில் பாதியளவு விதைப்பையை
லென்ஸுக்கடியில் பிரித்தபோது
டாக்டர் ஹெப்சிபா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.
நானும் பிடித்துக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல்.
உறையவைக்கும் திரவம் கையில் பட்டு
ராத்திரிச் சோறு வரைக்கும் நாக்கில் பூண்டு.

வேறு வகைக் கெண்டையின் மலட்டுக் குஞ்சுக்குள்
ஊசியால் இதை வைத்துவிட்டால்
தானே நகர்ந்து, தன் இடம் தேடி
உட்கார்ந்துகொள்ளுமாம்.
ஆண் குஞ்சென்றால் விந்தாகும்.
பெண் குஞ்சென்றால் முட்டை.
அப்பனாக இருந்தது அம்மாவாகும்.
இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர்
இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார்.

வியாழன்தோறும் ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து
கஜபதியின் வண்டி வரும்.
கத்திரி வெயிலிலும் தவறியதில்லை.
கார்த்திகையில் தவறியது.
போனில் கத்தினார், பின்னால் ஏதோ இரைச்சல்:
“திருவலத்துல நிக்கிறேம்மா.
தண்ணி வந்துகினு கீது, பாலத்த மூடிட்டாங்க.
ஜனம் தேர் பாக்கற மாதிரி நிக்குது.”

அந்த இரைச்சல்தான் ஆறு என்பது
போனை வைத்த பிறகே உறைத்தது.

ஸ்கேலில் வெண்மை நாலு விரல்.
விளக்கு வைக்கும்போது மூன்று.
சில்லானுக்கு வேண்டிய ஆறு
சில்லானுக்கு வேண்டிய குளிரை
அக்கரையிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

கால்நடை மருந்தகத்தில் தயாளன்
கணக்கில் காட்டாமல் எட்டு லிட்டர் தந்தார்.
ஜெர்சிக்கும் ஓங்கோலுக்கும் உரிய குளிர்.
“மீனுக்கா?” என்றார்.
“விதைக்கு” என்றேன்.
மூடியை இறுக்கிவிடாதே என்று மட்டும் சொன்னார்.
புகைகிறது என்று ஷேர் ஆட்டோக்காரன் ஏற்றவில்லை.
ஸ்கூட்டியில், கால்களுக்கு நடுவே, மழையில் கொண்டுவந்தேன்.
ஓடைப்பிள்ளையார் கோயில் அருகே
பக்கத்து வண்டிக் குழந்தை
மேகம் மேகம் என்று அம்மாவின் முதுகைத் தட்டியது.

ஊற்றும்போது சிந்தியது
மணிமணியாய்த் தரையெல்லாம் ஓடி
எதையும் நனைக்காமல் இல்லாமல் போனது.

மூன்றாம் நாள் பாலம் திறந்தார்கள்.
மேல்பாடிப் பக்கம்
பையன்கள் கொசுவலையில் அள்ளி வைத்திருந்த
வாளியைக் குனிந்து பார்த்தேன்.
ஜிலேபி. ஜிலேபி. ஒரு கெளுத்தி.
கையை விட்டுக் கலக்கினேன்.
ஜிலேபி.
“வேணுமாக்கா, கிலோ நூறு” என்றான் ஒருவன்.

ரெஜிஸ்டரில் ஒரு கட்டம் உண்டு:
தாமதத்துக்குக் காரணம்.
வண்டி பழுது, டீசல், பொங்கல் விடுமுறை என்று
மூன்று வருடமாய் நிரப்பி வருகிறேன்.
இந்த முறை எழுதினேன்:
ஆற்றில் தண்ணீர்.

புவனேஸ்வரத்திலிருந்து திரும்பிய ஹெப்சிபா
பேனாவைத் திறந்தார்.
கையெழுத்துப் போடவில்லை.
கண்ணாடியைக் கழற்றி
முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு
“எந்த ஆற்றில்?” என்றார்.